அந்த பல்பை அணைக்கச் சொல்லாதீர்கள்

2023 டிசம்பர் 5. மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பள்ளிக்கரணைப் பக்கம் எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது இரவாக மின்சாரம் இல்லை. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர். லிஃப்ட் ஓடாது, மோட்டார் ஓடாது, போனில் ஏழு சதவீதம். பால் பாக்கெட் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள மொட்டை மாடிக்குப் போய் சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன். மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. கிழக்கில் ஓரியன் எழுந்து நின்றான். சென்னையில் பத்து வருடமாக இருக்கிறேன், அவன் இடுப்புக்குக் கீழே தொங்கும் வாளை அவ்வளவு தெளிவாக அங்கே ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தேன். "கரண்ட் எப்ப வரும்?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். அவ்வளவுதான்.

ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 14 வியாழக்கிழமை, அதே இருட்டைப் பார்க்க 2,800 ரூபாய் கட்டி, வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டு, ஜவ்வாது மலைக்குப் போனேன்.

இந்த இரண்டு இரவுகளுக்கும் நடுவே இருக்கிற அசிங்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அசிங்கம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனென்றால் அதில் என் பங்கும் உண்டு.

*

முதலில் அந்த எண்ணைப் பற்றிப் பேசிவிடுவோம். ஒவ்வொரு டிசம்பரிலும் ஜெமினிட் எரிகல் பொழிவு வரும்போது, "மணிக்கு 150 எரிகற்கள், வானில் வாணவேடிக்கை" என்று செய்தி வரும். நான் சேர்ந்த முகாமின் விளம்பரத்திலும் அதே 150 கொட்டை எழுத்தில் இருந்தது. பின்னணிப் படத்தில் ஒரே வானத்தில் ஐம்பது அறுபது கோடுகள். அந்தப் படம் பொய்யில்லை, ஆனால் அது ஒரு கணமும் இல்லை. இரவு முழுக்க கேமராவைத் திறந்து வைத்து, விழுந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது. கல்யாண ஆல்பத்தில் மூன்று நாள் விருந்தையும் ஒரே இலையில் பரிமாறிய மாதிரி.

150 என்பதும் அப்படித்தான். அது ஒரு லட்சிய இரவுக்கான கணக்கு. பொழிவு புறப்படுவதாகத் தோன்றும் புள்ளி உங்கள் தலைக்கு நேர் மேலே இருக்க வேண்டும். நிலவு, மேகம் எதுவும் கூடாது. ஒளியளவு 6.5 வரை மங்கலான விண்மீன்கள் வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் (இந்த எண் கூடக் கூட மீன் மங்கல் என்று அர்த்தம்). ஜெமினிட் புள்ளி இருப்பது மிதுனத்தில், புனர்பூசத்தின் இரண்டு மீன்களில் ஒன்றான கேஸ்டருக்கு அருகில். நம் ஊரில் அது அதிகாலை 2 மணி வாக்கில் ஏறத்தாழ 70 பாகை உயரத்துக்கு வரும். அதனால் உயரத்தில் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் முழுக்க வெளிச்சத்தில்தான். வானம் ஒரு படி வெளுத்தால், கண்ணில் படும் ஜெமினிட்களின் எண்ணிக்கையை ஏறத்தாழ 2.6 ஆல் வகுக்க வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் நல்ல நாளில் 3.5 வரைதான் தெரியும். மூன்று படி நஷ்டம். 2.6 ஐ மூன்று முறை பெருக்கினால் பதினேழரை. 150 ஐ அதால் வகுத்தால் எட்டு, எட்டரை.

150 எங்கே, 8 எங்கே. மீதி எங்கே போயின? எங்கும் போகவில்லை. மணல் துணுக்கு அளவிலான தூசுகள், 1983 இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தன் என்ற சிறுகோள் தன் பாதையில் விட்டுச் சென்றவை, விநாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, நூறு கிலோமீட்டர் உயரத்தில், சென்னைக்கு மேலேயும்தான் எரிகின்றன. நாம்தான் அவற்றின் முன்னே ஒரு வெள்ளைத் திரையைக் கட்டி வைத்திருக்கிறோம். கட்டியது நாம். ஆனால் திரை இல்லாத இடத்தைத் தேடிப்போகும்போது ஏதோ இயற்கையை நாடிப் போகிறோம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்.

*

முகாம், ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறி, காவலூரைத் தாண்டிப் போகும் சாலையில் ஒரு மலைக்கிராமத்தை ஒட்டிய தரிசில் இருந்தது. சாமை அறுத்த காடு. நாற்பது பேர். பெரும்பாலும் என்னைப் போன்ற ஆட்கள்: கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு வந்தவர்கள். விளம்பரத்தில் "தீண்டப்படாத இருட்டு" என்று ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதியிருப்பார்கள், விட்டுவிடலாம். ஆனால் மலையாளி பழங்குடி மக்கள் வாழும் ஒரு மலையின் இருட்டுக்கு அந்தச் சொல்லைப் போடும்போது எழுதியவருக்குக் கை கூசியிருக்க வேண்டாமா?

இரவு பத்தரை வரை முகாமில் ஜெனரேட்டர் ஓடியது. கூடாரங்களைச் சுற்றி சீரியல் செட். கோழி வாட்டும் அடுப்பு. ஸ்பீக்கரில் பாட்டு. அதன்பின் ஒருங்கிணைப்பாளர் வந்து, "இனி எல்லாரும் போனை உள்ளே வைங்க, கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும்" என்றார். சரியான தகவல். சீரியல் செட் அணைந்தது. அப்போதுதான் எல்லோருக்கும் அந்த பல்பு கண்ணில் பட்டது.

முகாமிலிருந்து நூறடியில் ஒரு வீடு. ஓட்டுக்கூரை, திண்ணை, வாசலில் ஒரு எல்.இ.டி. பல்பு. ஒன்பது வாட் இருக்கும். வெள்ளை வெளேரென்று எங்கள் முகத்துக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது. ஒருவர் "அய்யோ, அத ஆஃப் பண்ணச் சொல்லுங்க ப்ரோ" என்றார். இன்னொருவர், "காசு வேணா குடுத்துரலாம்." ஒருங்கிணைப்பாளர் கிளம்பினார். தமிழில் நன்றாகப் பேசுவேன் என்று என்னையும் கூப்பிட்டார். போனேன். இங்கேதான் என் பங்கு.

திண்ணையில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னோம். விண்கல், மிதுனம், இருட்டு, ஒரு ராத்திரிதான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இந்த லைட்டு வாசல்ல எரிய ஆரம்பிச்சே அஞ்சு வருசந்தான் ஆவுது. அத அணைக்கச் சொல்லவா மெட்ராஸ்லருந்து வந்தீங்க?"

"இல்ல ஆயா, ஒரு நைட்டு மட்டும்…"

"மருமவ உண்டாயிருக்கா. ராத்திரில நாலு தடவ எழுந்து வெளிய போறா. கக்கூசு அந்தாண்ட இருக்குது. பூச்சி பொட்டு சுத்துற எடம். விழுந்து கிழுந்து வெச்சான்னா நீங்க வருவீங்களா?"

ஒருங்கிணைப்பாளர் பர்ஸை எடுத்தார். ஐந்நூறு ரூபாய். கிழவி அதை வாங்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "உள்ள வைப்பா" என்றார், குழந்தை கையிலிருக்கும் கத்தியைக் கீழே வைக்கச் சொல்வதுபோல.

அந்த ஐந்நூறு ரூபாய்த் தாளை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஒன்பது நாளுக்கு முன்னால் யாராவது எங்கள் அடுக்ககத்துக்கு வந்து, "உங்க ஏரியா இருட்டு ரொம்ப நல்லா இருக்கு, கரண்ட் வந்தாலும் இன்னைக்கு ஒரு நைட் போடாதீங்க, ஓரியன் பாத்துக்கறோம்" என்று ஐந்நூறை நீட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன்? வாட்ஸப் குழுவில் அவர் படத்தைப் போட்டிருப்பேன்.

*

இருள் சுற்றுலாவின் அடிப்படையில் இருக்கிற பிசகு இதுதான். நகரம் தன் வானத்தைத் தானே அழித்துவிட்டு, அழிக்க வசதி இல்லாதவர்களிடம் வந்து மிச்சமிருப்பதைக் கேட்கிறது. கேட்பதோடு நிற்பதில்லை. "இங்கேயும் லைட் வந்துட்டு இருக்கு, இன்னும் அஞ்சு வருஷத்துல இதுவும் போயிடும்" என்று முகாமில் பெருமூச்சு விட்டவர்களை எண்ணினேன், மூன்று பேர். ஒரு ஊருக்கு விளக்கு வருவதை இழப்பாகப் பேசும் அளவுக்கு நாம் எப்போது வந்து சேர்ந்தோம்? அந்த மலையின் இருட்டில் பாதி இயற்கை தந்தது. மீதிப் பாதி, விளக்குக் கம்பம் தாமதமாக வந்ததால் கிடைத்தது. அந்தத் தாமதத்தைப் பேரழகு என்று வர்ணிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அப்ப ஊரெல்லாம் ஹை மாஸ்ட் லைட் போட்டு வானத்தையே அழிச்சிடலாமா?" இதுதான் இந்த விவாதத்தின் பெரிய மோசடி. ஒன்று பல்பு, இல்லையென்றால் வானம் என்று இரண்டே கதவுகளைக் காட்டுவது. மூன்றாவது கதவு ஒன்று இருக்கிறது. அதை அன்று இரவு எனக்குத் திறந்து காட்டியது கிழவியின் பேரன். பத்தாவது படிக்கிற பையன்.

நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பும்போது அவன் பின்னால் வந்தான். "சார், ஒங்களுக்கு லைட்டு கண்ணுல அடிக்குது, அதான பிரச்சன?" ஆமாம் என்றேன். வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு காலி எண்ணெய் டின்னைக் கொண்டுவந்தான். பதினைந்து லிட்டர் தகர டின். அடிப்பக்கத்தை வெட்டி, மேலே ஒயர் போக ஓட்டை போட்டு, மெயினை அணைத்துவிட்டு, பல்புக்கு மேல் குல்லா மாதிரி கவிழ்த்துக் கட்டினோம். பத்து நிமிட வேலை. ஸ்விட்சைப் போட்டான்.

எங்கள் பக்கம் இருட்டு. வாசலில், திண்ணையில், கழிப்பறைக்குப் போகும் தடத்தில் முன்னைவிட நல்ல வெளிச்சம். பக்கவாட்டில் சிந்திக்கொண்டிருந்த ஒளியும் டின்னின் உட்புறத்தில் பட்டுத் தரைக்கே திரும்பியது. கிழவி இறங்கி வந்து தடத்தைப் பார்த்தார். "கண்ணு கூசாம இருக்குது" என்றார். அதற்குமுன் அந்த பல்பு அவர் கண்ணையும்தான் கூசச் செய்துகொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்றிரவு ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை மல்லாந்து படுத்து எண்ணினேன். பாதி வானத்தில் மேகம் போய் வந்துகொண்டிருந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. 34. அதில் ஒன்று மேற்கே, மெதுவாக, பச்சையும் மஞ்சளுமாகக் கால்வாசி வானத்தைக் கடந்து போனது. நாற்பது பேரும் ஒரே சமயத்தில் "ஏய்" என்றார்கள். பக்கத்தில் படுத்திருந்த பெண் ஏதோ வேண்டிக்கொண்டார். எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தார். எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார் என்பார் அவர். வேண்டுதல் எல்லாம் நாம் படத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டது. இருட்டில் பச்சை மரத்துக்கு எங்கே போவது என்று அப்போது கேட்டதில்லை. அவர் வீட்டு முற்றத்தில் வேப்பமரம் இருந்தது, நட்சத்திரமும் இருந்தது. இரண்டையும் பார்க்க அவர் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

*

அந்த மலையின் உச்சியில் நின்றால் உண்மையான குற்றவாளி தெரியும். அடிவானத்தில் வாணியம்பாடிப் பக்கமும் ஆம்பூர்ப் பக்கமும் வெளிறிய கூடாரங்கள் மாதிரி ஒளி எழும்பி நிற்கும். கிழவியின் பல்பு நூறடிக்குத்தான் தொந்தரவு. இந்தக் கூடாரங்கள் பல பத்து கிலோமீட்டருக்கு.

காவலூருக்கு இது புதிய கதையில்லை. 1960களில் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு இருண்ட வானம் ஒரு முக்கியக் காரணம். 1968 இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கினார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வில் அதன் வளையங்கள் வெளிப்பட்டபோது, அதைக் கவனித்துக்கொண்டிருந்த கருவிகளில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று. 1986 இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. இன்று அவர் பெயரிலேயே இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு எதிரில் மெல்ல ஒளியைக் கூட்டியது மலைமேல் இருக்கும் குடிசை அல்ல. கீழே இருக்கும் ஊர்கள், நெடுஞ்சாலை, கல்லூரி வளாகங்கள், மண்டபங்கள், விளம்பரப் பலகைகள்.

இதில் பொறியியல் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய சோடியம் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரியும். இப்போதைய வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் அதிகம். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைத்தான் அதிகமாகச் சிதறடிக்கும். பகல் வானம் நீலமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். அலைநீளத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 450 நானோமீட்டர் நீலம் 600 நானோமீட்டர் ஆரஞ்சைவிட மூன்று மடங்குக்கு மேல் சிதறும். ஆக, அதே அளவு ஒளியை மேலே விட்டாலும் வெள்ளை விளக்கு வானத்தை அதிகம் வெளுக்கும்.

எல்.இ.டி.யைத் திட்டவில்லை. 2015 இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் எல்.இ.டி.யாக மாறின, மின்சாரம் மிச்சமானது. நல்ல விஷயம். ஆனால் மிச்சமானதை நாம் என்ன செய்தோம்? விளக்கு மலிவானது என்று இன்னும் நாலு விளக்கு போட்டோம். பாலத்தின் தூணுக்கு விளக்கு, அரசமரத்துக்கு விளக்கு, பூட்டிய கடையின் பெயர்ப்பலகைக்கு விடியவிடிய விளக்கு. 2023 தொடக்கத்தில் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் சாதாரண மக்கள் தங்கள் வானத்தில் தெரியும் விண்மீன்களை வைத்துப் பதிவு செய்த தரவு. இரவு வானத்தின் ஒளி ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியிருக்கிறது. கூட்டு வட்டி போட்டுப் பாருங்கள்: எட்டு ஆண்டுக்குள் இரட்டிப்பு. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 விண்மீன்கள் தெரிந்த இடத்தில், அதற்குப் பதினெட்டு வயதாகும்போது 100 தான் தெரியும் என்றார்கள்.

இப்போது சொல்லுங்கள், யார் யாரிடம் போய் பல்பை அணைக்கச் சொல்வது?

*

என் வாதத்துக்கு வரக்கூடிய எதிர்ப்புகளில் இரண்டை மதிக்கிறேன்.

முதலாவது, பாதுகாப்பு. குறிப்பாகப் பெண்கள் எழுப்புவது. "உனக்கு இருட்டு கவிதை, எனக்கு இருட்டு பயம்" என்று ஒரு தோழி சொன்னார். முழுக்கச் சரி. நான் ஒரு தெருவிளக்கைக்கூட அணைக்கச் சொல்லவில்லை. ஆனால் ராஜீவ் காந்தி சாலையில் இரவு பத்து மணிக்கு ஸ்கூட்டர் ஓட்டியவர்களைக் கேட்கிறேன்: எதிரே வரும் கார் ஹை பீம் போட்டு வரும்போது ஓரமாக நடப்பவர் தெரிகிறாரா? கண்ணில் அடிக்கும் விளக்கு வெளிச்சம் தருவதில்லை, பக்கத்து நிழலை இன்னும் கறுப்பாக்குகிறது. அந்த நிழலில் ஆள் நின்றாலும் தெரியாது. தரையில் விழும் விளக்கில் தெரியும். கிழவியின் மருமகள் நடந்த தடத்துக்கும் மாம்பலம் சந்துக்கும் இது ஒன்றுதான். பாதுகாப்புக்குத் தேவை நடக்கிற இடத்தில் வெளிச்சம். பனைமரத்தின் கழுத்துக்கு அடிக்கும் ஃபோகஸ் லைட்டால் இதுவரை எந்தப் பெண் பத்திரமாக வீடு சேர்ந்தார்?

இரண்டாவது, வருமானம். முகாம் வந்தால் ஊருக்கு நாலு காசு கிடைக்குமே? கிடைத்தால் நல்லது. அன்று எங்கள் கோழி, தண்ணீர், ஜெனரேட்டர், சமையல்காரர் எல்லாமே கீழிருந்து வந்தன. ஊருக்குக் கிடைத்தது தரிசுக்கான வாடகை, கூடவே வாங்கப்படாத ஓர் ஐந்நூறு ரூபாய். வேறு மாதிரியும் செய்ய முடியும். லடாக்கில் ஹன்லேயைச் சுற்றி 2022 இல் இருள்வான் காப்பகம் அறிவித்தபோது, உள்ளூர் ஆட்களையே வானியல் வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்துக் கையில் தொலைநோக்கி கொடுத்தார்கள். வருகிறவர் அவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் காட்டுவதைப் பார்க்கிறார். மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு 2024 ஜனவரியில் இருள்வான் பூங்கா அங்கீகாரம் கிடைத்தது. அதற்காகச் சுற்றியுள்ள கிராமங்களின் தெருவிளக்குகளைப் பிடுங்கவில்லை. தரையைப் பார்த்துத் திருப்பினார்கள். எங்கள் பத்தாம் வகுப்புப் பையனின் தகர டின் தத்துவம், அரசு செலவில்.

கொல்லிமலையிலும் ஓர் இருள்வான் பூங்கா அமைக்கத் தமிழ்நாடு அரசு முடிவெடுத்திருக்கிறது. மகிழ்ச்சிதான். கூடவே ஒரு கேள்வியும் இருக்கிறது. கொல்லிமலையில் இருட்டைக் காப்பாற்றும் பணியில் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் என்ன வேலை கொடுக்கப் போகிறோம்? மலைக்கு மட்டும் கட்டுப்பாடு, சமவெளிக்கு மட்டும் கொண்டாட்டம் என்றால் அது பூங்கா அல்ல, இருட்டுக்கான ஒரு காட்சிக்கூண்டு. அமெரிக்காவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊர், தன் பக்கத்து ஆய்வகத்துக்காக 1958 லேயே விளம்பரத் தேடொளிகளைத் தடை செய்தது. 2001 இல் உலகின் முதல் இருள்வான் நகரம் என்ற பெயரும் அதற்குத்தான் கிடைத்தது. பிரான்ஸ் 2018 டிசம்பரில் நாடு முழுவதற்கும் ஓர் ஆணை போட்டது: மேலே சிந்தும் ஒளிக்கு வரம்பு, வெள்ளையின் நீலத்துக்கு வரம்பு, மூடிய கடையின் விளக்குக்கு நேர வரம்பு. இரண்டு இடத்திலும் கை வைத்தது நகரத்தின் ஸ்விட்சில்.

*

இலக்கியம் படிக்கிறவர்கள் நீங்கள், அதனால் ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன். புறநானூற்றின் 229 ஆம் பாட்டு. கூடலூர் கிழார் ஒரு பங்குனி இரவில் எரிமீன் ஒன்று விழுவதைப் பார்க்கிறார். பார்த்ததும், தன் அரசன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று நெஞ்சம் பதறுகிறார். ஏழாம் நாள் அரசன் இறந்துபோகிறான். சகுனத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. அந்தப் பாட்டில் என்னை நிறுத்துவது வேறு ஒன்று. எரிமீன் விழுந்த நேரத்தில் எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எதிரே எழுந்தது, எது மறையப் போனது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு துக்கத்தைச் சொல்ல வருகிறவர் போகிறபோக்கில் வானத்தின் முழு வரைபடத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறார். கேட்டவர்களுக்கும் அது புரிந்திருக்கிறது.

அவர் முகாமுக்குப் போகவில்லை. அவர் இருந்த இடத்திலேயே வானம் இருந்தது. ஒருவருடைய அச்சமும் அன்பும் சாவும் அதே வானத்துக்குக் கீழே நடந்தன; வாரக்கடைசிக்கென்று தனியாக ஒரு வானம் இருக்கவில்லை. நாம் இழந்தது எரிகற்களை அல்ல. அவை டிசம்பர் தோறும் வரும். வீட்டு வாசலில் நின்றபடி மேலே பார்க்கும் பழக்கத்தை இழந்தோம். அதைப் பேருந்து பிடித்துப் போய் வாங்க முடியாது. ஊர் திரும்பியதும் நம் மாடியில் அதே வெள்ளைத் திரைதான்.

அதனால் என் கோரிக்கை ரொம்பச் சின்னது, கொஞ்சம் சங்கடமானது. அடுத்த பொழிவுக்கு மலைக்குப் போகுமுன் உங்கள் வீட்டு விளக்குகளை எண்ணுங்கள். எது மேலே சிந்துகிறது, எது பக்கத்து வீட்டு ஜன்னலில் அடிக்கிறது, எது யாருக்காகவும் எரியவில்லை? அதற்கு மூடி போடுங்கள், தரையைப் பார்த்துத் திருப்புங்கள், மஞ்சள் பல்பு மாட்டுங்கள், பன்னிரண்டு மணிக்கு அணைக்க டைமர் வையுங்கள். செய்துவிட்டு மலைக்குப் போங்கள், தாராளமாக. அப்போது நீங்கள் கடன் கேட்டுப் போகிறவராக இருக்க மாட்டீர்கள்.

நான் செய்தேனா? மலையிலிருந்து வந்த வாரம் எங்கள் அடுக்ககத்தைச் சுற்றி வந்தேன். சுற்றுச்சுவரில் இருபத்திரண்டு ஃபிளட் லைட். அதில் ஒன்பது மரங்களையும் கட்டடத்தின் முகப்பையும் பார்த்து மேல்நோக்கி எரிந்தன. சங்கக் கூட்டத்தில் பேசினேன். "செக்யூரிட்டி இஷ்யூ" என்றார்கள். "ரீசேல் வேல்யூ" என்றார்கள். ஒரு பெரியவர் அன்பாக, "தம்பி, நட்சத்திரம் பாக்கணும்னா ஏலகிரி போயிட்டு வாங்களேன், நல்லா இருக்கும்" என்றார். நான்கு மாதம் ஆயிற்று. கடைசியில் எலக்ட்ரீஷியனை அழைத்துவந்து, அவருக்கான கூலியை நானே கொடுக்கிறேன் என்றதும், நான்கு விளக்குகளைத் தரை நோக்கித் திருப்ப அனுமதி கிடைத்தது. மீதி ஐந்து இன்றும் பனைமரங்களுக்குக் காவல் இருக்கின்றன.

நான்கு விளக்கு திரும்பியதில் சென்னையின் வானம் கறுத்துவிடவில்லை. அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன். கண் கூசுவது நின்றது, அவ்வளவுதான். நடைபாதையில் இப்போது தரை தெரிகிறது என்று காவலாளி அண்ணன் சொன்னார். டிசம்பர் வந்தால் தெற்கு மூலையில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், பாய் விரித்துப் படுக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு ஆறு, ஏழு. கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

ஒவ்வொன்று விழும்போதும் எங்கோ ஒரு தடத்தில், தகர டின்னுக்குக் கீழே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துபோன ஒரு பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். அவள் பிள்ளை இந்நேரம் நடக்கப் பழகியிருக்கும். அதற்குப் பதினெட்டு வயதாகும்போது அந்த வாசலில் விளக்கும் இருக்க வேண்டும், தலைக்கு மேலே 250 மீன்களும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்லி அங்கே யாரும் பர்ஸைத் திறக்கக் கூடாது.